பெனால்டிக்கு முதுகு காட்டியவன்

அடக்கம் முடிந்த மறுநாள் காலை கண்ணாடிக்கடைக்காரர் கடையைத் திறந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தபோது, இறந்துபோன நண்பன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். இரண்டு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் சட்டை, தோளில் சுருட்டிப் போட்ட கொடி, முழங்காலில் மைதானப் படிக்கட்டின் சிமெண்ட் தூசி. கண்ணாடிக்கடைக்காரர் விளக்கைப் போட்டார், லென்ஸ் தீட்டும் இயந்திரத்தைத் துடைத்தார், முந்தின வாரம் பாதியில் விட்ட இரண்டு கண்ணாடிகளைச் செய்து முடித்தார். மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனபோது அவன் வீட்டுக்கும் வந்து தட்டுக்கு எதிரே நின்றான். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணன் உட்கார மாட்டாராமா?” என்று கேட்டாள். “நீ கேக்குறது அவனுக்குக் கேக்காது. காத மூடியிருக்கான்” என்றார் அவர்.

உள்ளூர்க் கால்பந்து அணியின் நிறம் மஞ்சள். அவனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. தண்ணீர் வாரியத்தில் குழாய் பொருத்துகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், வாராவாரம் மானத்த வாங்கப் பதினோரு பேர் இருக்காங்க, பன்னிரண்டாவதா ஒரு ஆள் எதுக்கு என்பான். சாலைக்கடியில் பெருங்குழாய் வெடித்தால் கழுத்தளவு தண்ணீரில் தயங்காமல் இறங்குகிறவன், ஒரு பெனால்டியைப் பார்க்கும் தைரியம் மட்டும் இல்லாதவன். நடுவர் புள்ளியைக் காட்டியதும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, காதில் விரலை விட்டுக்கொண்டு, பின்படியில் இருக்கும் கண்ணாடிக்கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பான். கூட்டத்தின் சத்தத்தை அவன் நம்பவில்லை. சந்தோஷத்துக்கும் கத்துகிறார்கள், வயிற்றெரிச்சலுக்கும் கத்துகிறார்கள் என்பது அவன் கட்சி. இந்த ஒரு முகத்தில் பந்து போன வழி அப்படியே தெரியும். இருபது வயதில் தொடங்கிய பழக்கம், இருவருக்கும் தலை நரைத்த பிறகும் மாறவில்லை. ஒரே ஒரு முறை, கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்குக் கண்ணாடிக்கடைக்காரர் விளையாட்டாகச் சிரித்துவைத்தார். மஞ்சள் தன் கொடியை விரித்துக்கொண்டு ஆடினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மழைக்காலம் வந்து போகும்வரை அவன் பேசவில்லை. பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, எதுவும் நடக்காதது போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “பெனால்டில மட்டும் பொய் வேணாம் மாப்ளே. மத்ததுல எவ்வளவு வேணும்னாலும் சொல்லிக்க” என்றான்.

அவன் இறந்தது அந்த ஆண்டின் கடைசி ஆட்டத்தில். சமன் செய்தால் அணி முதல் பிரிவில் நீடிக்கும், தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள், நேரம் முடிகிற தறுவாயில் பெனால்டி கிடைத்தது. மஞ்சள் திரும்பினான், காதை மூடினான், நண்பனின் முகத்தைப் பார்த்தான். பார்த்தபடியே அவன் கால்கள் மடிந்தன. கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து அவனைத் தாங்கிப் பிடித்தபோது, அவன் தோளுக்கு மேலாகப் பந்து கம்பத்தைத் தாண்டி வெகு உயரத்தில் போவதைக் கண்டார். பந்து காலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே இதயம் நின்றிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். கிழக்குப் படிக்கட்டு முழுவதும் தலையில் கைவைத்து உட்கார்ந்தது. கண்ணாடிக்கடைக்காரரின் முகம் மட்டும் எதையும் சொல்லவில்லை. சொல்வதற்குள் கேட்க வேண்டிய ஆள் போய்விட்டான்.

போனவன் திரும்பி வந்து நிற்பது எதற்காக என்று அவருக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. சொல்லிவிட்டால் கிளம்பிவிடுவான் என்றும் தோன்றியது. அவனைத் தோல்வியோடு அனுப்ப மனம் வரவில்லை, அனுப்பவே மனம் வரவில்லை என்பதும் உண்மை. பந்து இன்னும் கொஞ்சம் காற்றிலேயே இருக்கட்டும் என்று முகத்தைப் பூட்டிக்கொண்டார். சிரித்தால் கோல் என்று எடுத்துக்கொள்வான், அழுதால் தவறிவிட்டது என்று தெரிந்துகொள்வான். ஆகவே இரண்டும் இல்லை. வாடிக்கையாளர்கள் முதலில் சங்கடப்பட்டார்கள். கண் பரிசோதனைக்கு உட்காருகிறவர்களுக்கும் எழுத்துப் பலகைக்கும் நடுவே மஞ்சள் நின்றான். “அவர கொஞ்சம் நகரச் சொல்லுங்க, கடைசி வரி மறைக்குது” என்றார்கள். பலகையைக் கழற்றிப் பக்கத்துச் சுவரில் மாட்டிய பிறகு அந்தப் புகாரும் நின்றது. வெயில் காலத்தில் அவன் நின்ற இடம் குளிர்ச்சியாக இருந்ததால் சிலர் வேலையில்லாமலும் வந்து உட்கார்ந்தார்கள்.

இப்படி மூன்று ஆண்டுகள் போயின. மகளின் திருமணப் படங்களில் கண்ணாடிக்கடைக்காரர் அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்கிறார். சம்பந்தி வீட்டார் இந்த இடம் பிடிக்கவில்லையோ என்று தனியே விசாரித்தார்கள். அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா இறந்தபோது கால்மாட்டில் நின்றார், தலைமாட்டில் மஞ்சள் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். அன்று வீடு திரும்பியதும் மனைவி கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

“இவ்வளவு நாள் பொறுத்தேன். நான் கட்டிக்கிட்டது ஒரு மனுஷன, சுவர இல்ல. அண்ணன்கிட்ட சொல்லித் தொலைச்சிட்டு ஒரு தடவ அழுதுடுங்க.”

“சொன்னா போயிடுவான்.”

“போனவரு போகட்டும். நீங்க எப்ப வருவீங்க?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகம் அப்படியே இருந்தது. அவள் சாத்திய கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மகளுக்குப் பிரசவம் ஆன காலை, செவிலி குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். குழந்தை கண்ணைத் திறக்காமலே கொட்டாவி விட்டது. பிறகு அவர் சுண்டுவிரலைப் பிடித்து, பிடித்தது என்ன என்று யோசிப்பது போலப் புருவத்தைச் சுருக்கியது. கண்ணாடிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். மூன்று ஆண்டுகளின் சிரிப்பு, காதுவரை போயிற்று. அடக்க நினைப்பதற்குள் எதிரே மஞ்சள் காதிலிருந்து விரலை எடுத்துவிட்டான்.

“உள்ள போயிடுச்சா. நான் சொன்னேன்ல மாப்ளே, போகும்னு சொன்னேன்ல” என்றான். அவரைக் குழந்தையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். புதைகுழாய் போலச் சில்லென்றிருந்தது. கொடியை விரித்துக்கொண்டு பிரசவ வார்டின் நடைகூடத்தில் கோடிவரை ஓடினான், திரும்பி ஓடிவந்தான். “இது ஆஸ்பத்திரி. செத்தவங்களுக்கும் அதே சட்டம்தான், சத்தம் போடாதீங்க” என்றாள் செவிலி. அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படி இறங்கி, அணியின் பாட்டைப் பாடிக்கொண்டே தெருவில் போனான்.

அதன் பிறகு அவன் அவர் எதிரே வந்து நிற்கவில்லை. ஊருக்குள் சுற்றினான். அவன் கடந்துபோன தெருக்களில் குழாய்த் தண்ணீர் மாடிவரை ஏறியது, வாரியத்துக்குக் கொஞ்ச நாள் புகார் வரவில்லை. கண்ணாடிக்கடைக்காரருக்கு முகம் திரும்பக் கிடைத்தது. ஒருநாள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அக்காவின் நினைவு வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியும் அழுதுகொண்டே போனார். நடத்துனர் கூடுதல் தூரத்துக்கு இன்னொரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வீட்டில் மனைவி சொன்ன சின்னச் சின்ன வம்புக்கெல்லாம் சிரித்தார். அவள் இன்னும் இரண்டு வம்பு சேர்த்துச் சொன்னாள்.

ஆனால் மஞ்சளுக்கு ஊர் பிடிபடவில்லை. அணி முதல் பிரிவில் இருக்கிறது என்று நம்பி, பெரிய அணிகள் வரும் நாளுக்காக மைதானத்துக்குப் போய் நின்றான். வந்ததெல்லாம் பெயர் தெரியாத அணிகள். பாதிப் படிக்கட்டு காலியாகக் கிடந்தது, விளக்குக் கம்பங்களில் இரண்டைக் கழற்றி விற்றிருந்தார்கள். நாள் தவறிவிட்டது போல என்று மறுநாளும் போனான், ஆட்டம் இல்லாத நாட்களிலும் போனான். நம்ம டீம் கீழ எறங்கி மூணு வருஷம் ஆச்சுப்பா என்று வாயிற்காவலர் எடுத்துச் சொன்னார். மஞ்சள் சிரித்தான். பெனால்டி விஷயத்தில் அவன் ஒரு முகத்தைத் தவிர வேறு எவரையும் நம்பியதில்லை. ஒரு மாலை கண்ணாடிக்கடைக்காரர் குடையோடு அந்தப் பக்கம் போனபோது, பூட்டிய வாயிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். இறந்தவர்களை மழை நனைக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. அவன் தெப்பலாக நனைந்திருந்தான்.

“செத்ததுல நாள் கணக்குக் குழம்பிடுச்சு மாப்ளே” என்றான், அசட்டுச் சிரிப்போடு. “எப்ப வந்தாலும் தப்பான நாளாவே இருக்கு. பெரிய ஆட்டம் என்னைக்குன்னு பார்த்துச் சொல்லேன்.”

அவர் குடையை அவன் பக்கம் சாய்த்தார். பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அவனிடம் உண்மையைச் சொல்லிவிடப் போவதாக அவர் சொன்னதை மனைவி கேட்டுவிட்டு வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “விட்டுடுங்க” என்றாள் கடைசியில். “அவரும் சந்தோஷமா இருக்காரு, நீங்களும் மனுஷனா இருக்கீங்க. இத ஏன் கெடுக்கணும்?”

“பூட்டின கேட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கறான். அது சந்தோஷம் இல்ல.”

“திரும்பவும் சுவராகிடுவீங்களோன்னு பயமா இருக்கு.”

“ஆக மாட்டேன்” என்றார். அது அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பிரிவு ஆட்டம் ஒன்று இருந்தது. மூன்று ஆண்டுகளில் அன்றுதான் அவர் மைதானத்துக்குப் போனார். கிழக்குப் படிக்கட்டில் மஞ்சள் வழக்கமான இடத்தில் இருந்தான். அவர் அவனுக்குப் பின்படியில் போய் நின்று, “மாப்ளே, இங்க பாரு” என்றார். அவன் திரும்பினான். அவர் தன் முகத்தை அதன் போக்கில் விட்டுவிட்டார். அவன் இறந்த அன்று காட்ட வேண்டியிருந்த முகம் அடியில் எங்கோ பத்திரமாகத்தான் இருந்தது, மூன்று ஆண்டுப் பழசு ஆனாலும் கெட்டுப்போகவில்லை. அது மேலே வந்தது. வாய் கோணியது, தாடை தொங்கியது, கண் நிறைந்தது. மஞ்சள் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தான்.

“வெளியவா, மேலயா?”

“மேல.”

“எவ்வளவு மேல?”

“பந்து இன்னும் கிடைக்கல.”

“அந்த நெட்டப்பயலையா அடிக்க விட்டாங்க?”

“அவனேதான்.”

மஞ்சள் தலையை ஆட்டிக்கொண்டான். கீழே யாரோ பந்தை வெளியே உதைத்தார்கள், யாரோ எடுத்துவரப் போனார்கள்.

“அப்ப ஆஸ்பத்திரில சிரிச்சியே, அது?”

“பேத்தி பொறந்தா.”

“அதுவா.” கொடியை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டான். “யார மாதிரி இருக்கா?”

“உன்ன மாதிரி இல்ல. அது போதாதா?”

அவன் சிரித்தான். கோபம் இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. கோபமாக இருந்தாலும் அவன் அப்படித்தான் சிரிப்பான். கையை நீட்டி அவர் கன்னத்தில் ஒருமுறை தட்டினான், பிறகு மைதானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அன்று அணி தோற்றது.

அவன் கிளம்பிப் போய்விடுவான் என்றுதான் கண்ணாடிக்கடைக்காரர் நினைத்திருந்தார். போகவில்லை. அதே இடத்தில் இருக்கிறான், எல்லா ஆட்டத்துக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவன் திரும்பியதே இல்லை. பெனால்டி கொடுத்தாலும் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், கைகளைத் தொங்கவிட்டபடி. முகத்தைப் பார்க்கலாம் என்று அவர் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார். எத்தனை படி இறங்கினாலும் எதிரே முதுகுதான் இருந்தது. கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கிக் காட்டுவான். வீட்டில் அவர் சிரிக்கிறார், அழுகிறார், பேத்தியோடு சண்டை போடுகிறார். மைதானத்தில் பெனால்டி வரும்போது மட்டும் அவருடைய முகம் முன்படிக்காரனுக்காகத் தயாராகிறது. பந்து உள்ளே போனால் மலர்கிறது, வெளியே போனால் தொங்குகிறது. அதைப் பார்க்க ஆளில்லை. மஞ்சளின் பிடரியில் குழாய் முறுக்கும் இடுக்கி கிழித்த பழைய தழும்பு ஒன்று உண்டு, அது அவருக்கு இப்போது மனப்பாடம். மூக்கு எப்படி இருந்தது, மச்சம் எந்தக் கன்னத்தில் இருந்தது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன. ஒருநாள் மனைவியிடம் கேட்டார். இடது என்றாள், பிறகு அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அணி இப்போது மூன்றாம் பிரிவில் இருக்கிறது. மஞ்சள் நின்றுகொண்டேதான் ஆட்டம் பார்க்கிறான். பின்வரிசைக்காரர்கள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து உட்காரப் பழகிக்கொண்டார்கள்.