பத்து ஸ்பேனரின் இடம்

என் அண்ணனுக்குச் சுவர்தான் மேனேஜர். எங்கள் பைக் ஒர்க்‌ஷாப்பின் பின்சுவருக்கு வெள்ளையடித்து, ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் வைத்து, ஓரத்தை ஒட்டிக் கறுப்புப் பெயிண்ட்டால் கோடு இழுத்து ஆணியடித்திருக்கிறான். ஸ்பேனர் மாட்ட ஸ்பேனர் வடிவம், சுத்தியலுக்குச் சுத்தியல் வடிவம். எது இடத்தில் இல்லையோ அந்தக் கோடு பல்லை இளிக்கும். ஒன்று காலியாக இருந்தாலும் ஷட்டர் இறங்காது. ஒருமுறை பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் யாருடைய இன்ஜினுக்கடியிலோ சிக்கிக்கொண்டு ஊர் சுற்றப் போய்விட்டது. அது திரும்பி வரும்வரை கடையைத் திறந்து வைத்துக்கொண்டு காவல் இருந்தோம்.

சுவர் அவனுடையது, வேலை என்னுடையது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போய் விழுந்ததிலிருந்து அவன் வலது கை நெஞ்சுக்கு மேல் உயராது. அன்றிலிருந்து இன்ஜின் இறக்குவதும் நான்தான், ஷட்டர் இறக்குவதும் நான்தான். ஆனால் வருகிறவர்கள், "தங்கச்சி, அண்ணன் இல்லையா?" என்பார்கள். அவன் வந்து தலையை ஆட்டிய பிறகுதான் வண்டியை என் கையில் விடுவார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. தலையாட்டக்கூட எனக்கு உரிமை கிடையாது.

அதனால்தான் இரண்டு வருஷமாக எனக்கென்று கருவி சேர்த்தேன். கடைக் கருவிகள் எல்லாம் அண்ணன் கைக்கு வாங்கியவை, தடித்தடியாக இருக்கும். நான் வாங்கும்போது கடைக்காரர் கொட்டாவி விடும்வரை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்தேன். ஸ்பேனரின் வளையம் மெலிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்புரேட்டருக்குப் பின்னால் நுழையாது. நட்டின் மூலையை மழுக்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவரின் முனை திருகில் ஆடாமல் உட்கார வேண்டும். பத்தாம் நம்பருக்கு மட்டும் நான்கு கடை ஏறி இறங்கினேன். பைக்கில் பாதி போல்ட் பத்துதான், அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. மொத்தம் இருபத்துமூன்று சேர்ந்தன. காக்கித் துணியில் வரிசையாகப் பை தைத்து, அதில் சொருகிச் சுருட்டி, மூலையில் யாரோ விட்டுவிட்டுப் போன ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

போன வாரம் வேறு ஊரிலிருந்து ஃபோன் வந்தது. பெரிய பைக்குகள் மட்டும் பார்க்கும் ஒர்க்‌ஷாப். ஃபோர்மேன் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"வால்வ் செட்டிங் தனியா பண்ணுவீங்களா? சொந்த டூல்ஸ் இருக்கா?"

இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

"அப்ப திங்கட்கிழமை வந்துடுங்க. டூல்ஸ் இல்லாம வந்தா உள்ள விட மாட்டோம், சொல்லிட்டேன்."

அண்ணன் இல்லையா என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே அந்த ஊருக்கு நடந்துகூடப் போயிருப்பேன்.

சனிக்கிழமை கடை இரண்டு மணி வரைதான். மூன்று மணிக்குப் பஸ். காலையில் அண்ணன் வருவதற்குள் துணிச் சுருளை எடுத்துவிடலாம் என்று ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை. திரும்பினால், சுவரில் ஒரு புதிய வரிசை. என் இருபத்துமூன்றும் தொங்கிக்கொண்டிருந்தன. சுற்றிலும் சிவப்புப் பெயிண்ட்டில் கோடு.

"என்ன, முழிக்கிற?" அண்ணன் வாசலில் நின்று சிரித்தான். பின்னால் அண்ணி. "எலி கூடு கட்டிருக்கான்னு நேத்து சீட்டைத் தூக்கினேன். கடைக்கு இவ்ளோ நல்ல சாமான் சேத்து வெச்சிருக்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கள்ளி!"

"இடது கையாலயே வரைஞ்சாரும்மா," என்றார் அண்ணி. "ராத்திரி தூக்கம்கூட வரல அவருக்கு, உன்னை நினைச்சு அவ்ளோ சந்தோஷம். அந்தக் காக்கித் துணி நல்ல கனம். நாலா கிழிச்சு, துடைக்க வெச்சுட்டேன்."

கோடுகள் நடுங்கி நடுங்கிப் போயிருந்தன. திட்டினால் திருப்பித் திட்டலாம். அன்பை இப்படித் தலையில் கொட்டினால் எங்கே போய் முட்டிக்கொள்வது? "நல்லாருக்குண்ணா," என்றேன். என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு மணிக்கு இருவரும் சாப்பிடப் போனார்கள். ஒரு சாக்கை எடுத்து, சிவப்பு வரிசையை மடமடவென்று கழற்றிப் போட்டேன். அதன் வாயைக் கட்டப் போகும்போது பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, கிளட்ச் பிடிக்கவே மாட்டேங்குது. டியூட்டிக்கு நேரமாச்சு, கோவிச்சுக்காதம்மா."

சாக்கிலிருந்து பத்தை எடுத்து, கேபிளைச் சரிசெய்து அனுப்பினேன். ஐந்து நிமிஷ வேலை. கையைக் கழுவிவிட்டுச் சாக்கைக் கட்டினேன்.

இரண்டு மணிக்கு அண்ணன் மட்டும் வந்தான். வழக்கம்போல முதலில் சுவரைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"யாராவது உள்ள வந்தாங்களா?"

"நான்தாண்ணா எடுத்தேன். வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. சொந்த டூல்ஸ் வேணுமாம். நான் போறேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம்.

"அப்ப கடைக்காக வாங்கினது இல்லையா?"

"இல்லண்ணா."

"சரி. போயிட்டு வா." பெஞ்சுக்கடியிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து என் முன்னால் வைத்தான். "கோடு காலியா கிடந்தா ஷட்டரை எப்படி இறக்கறது? அதை அழிச்சிட்டுப் போ."

"நீயே அழிச்சுக்க."

"எனக்குக் கை எட்டாதே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வரைஞ்சப்ப எட்டுச்சே!"

"வரையறதுக்கு எட்டுச்சும்மா," என்றான். "அழிக்க எட்டல."

பிரஷ்ஷைப் பிடுங்கி அழிக்க ஆரம்பித்தேன். எட்டாம் நம்பர் போனது. பிளேயர் போனது. வெள்ளையின் அடியிலிருந்து சிவப்பு ரோஸாகக் கசிந்தது, இரண்டு பூச்சு தேவைப்பட்டது. பின்னால் அண்ணன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இருபத்திரண்டு அழித்து, ஸ்கூட்டர் நிற்கும் இருண்ட மூலைக்கு வந்தேன். அங்கே பிரஷ் நின்றுவிட்டது.

கடைசிக் கோட்டுக்குள் என் பத்தாம் நம்பர் ஸ்பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்து, நேராக, ஆணியில் கச்சிதமாக.

"இதை ஏன் எடுத்து மாட்டின?" என்று சீறினேன்.

"நான் சாக்கைத் தொடவே இல்லையே," என்றான் அண்ணன். "நீதான மாட்டின?"

நர்ஸ் போனதும் கிழிந்த காக்கித் துணியில் அதைத் துடைத்தது ஞாபகம் வந்தது. மாட்டியது ஞாபகமே இல்லை. பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லாதபோது, தப்பிக்கப் போகிறவளின் கை, அவளைக் கேட்காமலே போய் அதை அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறது. இவ்வளவு நாளும் அண்ணன்தான் என்னைக் கட்டி வைத்திருக்கிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நின்றேன். அதை எடுத்துச் சாக்கில் போட ஒரு நொடி போதும். அந்த நொடி வருமென்று காத்துக்கொண்டு நின்றேன். வெள்ளைப் பெயிண்ட் முழங்கை வரை வழிந்தது. வெளியே பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பெட்டியோடு போனார்கள்.

"அண்ணா," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "சிவப்புப் பெயிண்ட் மிச்சம் இருக்கா?"

"இருக்கும்மா," என்றான் அவசரமாக எழுந்து. "ரெண்டு டப்பா வாங்கினேன்."