சப்பரத்தின் முன்கம்பு

கப்பல் வேலையை விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியபோது மனுவேல் முழங்காலில் ஒரு வலியோடும், கூட வேலைபார்த்த சீனாக்காரரிடம் பழகிய ஒரு வித்தையோடும் வந்தார். வலியைக்கூட அவர் பெண்டாட்டி ஹில்டா பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த வித்தையைத்தான் சகிக்க முடியவில்லை. 'தாய் சி'யாம். சண்டைக்கலையாம். அடுக்களைக்கும் வாசலுக்கும் நடுவே மனுஷன் காற்றைத் தடவிக்கொண்டு நகருகிற வேகத்துக்கு, எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வந்துவிடலாம்.

"இத வச்சு ஒரு கொசுவ அடிக்க முடியுமா?"

"அடிக்கதுக்கு இல்லளா. தள்ளுனா விழாம நிக்கதுக்கு. வந்து தள்ளிப் பாரு."

தள்ளினாள். ஹில்டா நல்ல ஆகிருதி, மனுவேல் அவளில் பாதி. ஆரம்பத்தில் நிலைப்படியில் போய் மோதினார். போகப்போக, அவள் தள்ளினால் அவர் இடுப்பு லேசாகத் திரும்பும், முட்டு மடங்கும், அவள் பலமெல்லாம் எங்கேயோ வடிந்துபோகும். அவளுக்கு ஆத்திரமாக வரும். அவர் கடலில் இருந்தபோது தனியாகப் பெற்ற பிள்ளை, தனியாகச் சமாளித்த ஒழுகல் கூரை, எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளுவாள். அதையும் வாங்கிக்கொண்டு சிரிப்பார்.

ராயப்பர் திருவிழா வந்தது. புனிதர் ராயப்பரின் சிலையை வைத்துத் தோளில் தூக்கிவரும் சப்பரத்தின் வலது முன்கம்பு அவர்கள் வீட்டு மூத்தவருக்கு உரியது. ஒரு வருஷம் தோள் கொடுக்காவிட்டால் உரிமை அடுத்துப் பிறந்தவனுக்குப் போய்விடும், திரும்பி வராது. மனுவேலின் தம்பி ஜெஸ்டின் வீட்டுக்கு வந்தான்.

"மைனி, அண்ணன் இந்த முட்டுவலிய வச்சிக்கிட்டு மணல்ல சாஞ்சிட்டான்னா சுரூபம்லா விழும்? நான் தூக்குதேன்."

கம்புக்கு ஆசைப்பட்டுக் கேட்டிருந்தால் விரட்டியிருப்பாள். அவன் பயந்துபோய்க் கேட்டான். மனுவேல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவின் தோள் பட்டு வழவழத்த கம்பு அது. அது கைவிட்டுப் போனால் மனுஷன் ஒடிந்துபோவார்.

"அவுகளே தூக்குவாக," என்றாள் ஹில்டா. சொன்ன பிறகுதான் அவர் முழங்காலைப் பார்த்தாள்.

சப்பரம் கடற்கரையில் இறங்கும்போது, வலது பின்கம்பைத் தாங்கியவனின் கால் மணலில் புதைந்தது. பாரம் முழுவதும் மனுவேல் பக்கம் சரிந்தது. பேண்டு வாத்தியம் நின்றுவிட்டது. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்த்து முட்டுக்கொடுத்தார்கள், சப்பரம் இன்னும் மோசமாக ஆடியது. மனுவேல் எதிர்க்கவில்லை. இடுப்பு லேசாகத் திரும்பியது. முட்டு மடங்கியது. வந்த பாரத்தோடு தானும் இறங்கி, அதைக் காலடி மணலில் வாங்கி, மெல்ல நிமிர்ந்தார். ராயப்பரும் நிமிர்ந்தார். பெண்கள் கூட்டத்தில் ஹில்டா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

கோயிலில் இறக்கிவைத்ததும் ஜெஸ்டின் அண்ணனைக் கட்டிக்கொண்டான். "அம்புட்டு பாரம் வந்துச்சே, எப்படிண்ணே நின்ன?"

மனுவேல் வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஹில்டாவைத் தேடினார்.

"ஒங்க மைனி தள்ளுததுல இது பாதிகூட இல்லலே!"

ஊரே சிரித்தது.

"வீட்டுக்கு வாங்க, இருக்கு ஒங்களுக்கு," என்று கத்தினாள் ஹில்டா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.