முதல் தூணுக்கு மஞ்சள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பம்புசெட் ஷௌகத் அலி வாயைத் திறந்தால் மாட்டுப் பண்ணை வரைக்கும் கேட்கும் என்று மத்திகிரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தென்பெண்ணையில் புதுப் பாலம். ஆற்று நடுவில் இரும்புத் தகடுகளை வட்டமாக அடித்து இறக்கி, அந்தக் கூண்டுக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, காய்ந்த தரையில் தூண் எழுப்ப வேண்டும். இறைப்பது என் வேலை. மோட்டார் ஓயாமல் ஓடியும் முழங்கால் தண்ணீர் குறையவே இல்லை. ஏதோ ஒரு தகட்டு இடுக்கு வழியாக ஆறு உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்தக் கலங்கலில் எந்த இடுக்கு என்று யார் கண்டது?

மறுநாள் மேலே அணையைத் திறக்கிறார்கள். கூண்டே முழுகிவிடும், அதற்குள் அடிக் கான்கிரீட் விழாவிட்டால் தூண் அடுத்த கோடைக்குத்தான். இன்ஜினியர் சரிதாவுக்கு இது முதல் தூண். சோறு தண்ணி இல்லாமல் நின்றது அந்தப் பெண்.

அந்த நேரம் பார்த்து சித்தாள் நாகம்மா குடம் நிறைய மஞ்சள் தண்ணீரோடு கூண்டு விளிம்புப் பலகைமேல் ஏறி வந்தாள். ஆற்றுத் தாய் கங்கம்மாவுக்குத் தெளிக்காமல் ஆற்றில் கான்கிரீட் போடக் கூடாதாம்.

"ஏம்மா, இங்க தண்ணி வத்தலன்னு உசுரு போவுது, நீ இன்னும் ஊத்த வந்துட்டியா!" என்று கூண்டுக்குள்ளிருந்து கத்தினேன்.

அவள் திடுக்கிட்டாள். குடம் கூண்டுக்கு வெளியே ஆற்றுப் பக்கம் கவிழ்ந்து போயே போய்விட்டது.

"அய்யோ தேவ்ரே, சாமி! பாய், உன் வாயில மண்ணு விழ!"

நான் குனிந்து பார்த்தேன். என் காலடித் தண்ணீரில் மஞ்சள் குபுகுபுவென்று கிளம்பிக்கொண்டிருந்தது.

"மேடம், ஓட்ட இங்க இருக்குது! ஓடியாங்க!"

குடம் விழுந்த இடத்தில் மூட்டை மூட்டையாக மரத்தூளைக் கொட்டச் சொன்னாள் சரிதா. ஆறே அதை இழுத்து இடுக்கில் திணித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் தரை தெரிந்தது. முதல் கான்கிரீட் விழுந்ததும் சரிதா நாகம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாய், அடுத்த தூணுக்கும் நீங்கதான் வந்து கத்தணும்" என்றாள் சரிதா.

"புதுக் குடத்தோட நிக்கறேன். எங்க, இப்பவே ஒரு தடவ கத்து பாக்கலாம்!" என்று நாகம்மா இடுப்பில் கை வைத்தாள்.

வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது.