கண்ணாடிக்கு மட்டும் காப்புறுதி

காலையில் கடைக் கதவைத் திறந்ததும் பரமலிங்கம் முதலில் சாமிப் படத்தின் பக்கம் திரும்புவதில்லை. கண்ணாடி அலுமாரியைத்தான் துடைப்பார். ஆளுயரம், மூன்று தட்டு, உள்ளே ஒரு குழல் விளக்கு. கொழும்பிலிருந்து வைக்கோல் சுற்றி லொறியில் வந்து இறங்கியது. வவுனியா மன்னார் வீதியில் இருந்த பலசரக்குக் கடைகளில் வேறு ஒருவரிடமும் அப்படி ஒன்று இல்லை என்பதைப் பருப்பு வாங்க வந்தவருக்கும் சொல்வார், மண்ணெண்ணெய் வாங்க வந்தவருக்கும் சொல்வார். அந்த அலுமாரிக்குள் இருந்தவை நாலு பவுடர் டின், கொஞ்சம் சவர்க்காரம், விலை அதிகம் என்று ஒருவரும் தொடாத ஐந்து பிஸ்கட் பெட்டி.

அலுமாரியை நிலத்தில் வைத்தால் ஈரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பின்னறையில் சீனி மூட்டைகளுக்குக் கீழே கிடந்த பலகைகளைக் கழற்றி எடுத்து அலுமாரிக்கு மேடை கட்டினார். சீனி மூட்டைகள் வெறும் சீமெந்துத் தரைக்கு வந்தன.

அதைப் பார்த்து வாய் திறந்தவன் மூக்கன் ஒருவன்தான். "ஐயா, அடியில பலகை இல்லாம அடுக்கக்கூடாதுங்க. மழ வந்துருச்சு, தர ஓதம் ஏறும். அடிமூட்ட இளகிருச்சுன்னா மேல உள்ளது நிக்காதுங்க" என்றான்.

"நீ அடுக்கிற வேலையைப் பார். யோசிக்கிறதுக்கு நானிருக்கிறன்" என்றார் பரமலிங்கம். யோசிக்கும் வேலையை அவர் எப்படிப் பார்த்தார் என்பதை இனிச் சொல்கிறேன்.

மூக்கன் மலையகத்து ஆள். எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்தை விட்டு வந்து, முரசுமோட்டையில் பரமலிங்கத்தின் தகப்பனுக்குக் கிடைத்த குடியேற்றக் காணியில் வயல் வேலைக்குச் சேர்ந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் போரில் எல்லோரும் வவுனியாவுக்கு இடம்பெயர்ந்தபோது பரமலிங்கத்தின் மனைவி விமலேஸ்வரியின் தையல் மெசினையும் இரண்டு மூட்டை நெல்லையும் சைக்கிளில் கட்டிக் காடு வழியே தள்ளிக்கொண்டு வந்தவனும் அவன்தான். இப்போது பூவரசங்குளத்தில் ஒரு கொட்டிலில் மனைவி அழகம்மாவோடு இருந்துகொண்டு தினமும் கடைக்கு வந்து மூட்டை சுமந்தான். வவுனியாவில் தங்குவதற்கு மாதா மாதம் அனுமதிப் பாஸ் புதுப்பிக்க வேண்டும். 'மேற்படி மூக்கன் எனது கடையில் நிரந்தர வேலையாள்' என்று பரமலிங்கம் கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுப்பார். பெரிய தருமம் செய்கிற முகத்தோடுதான் கொடுப்பார்.

அந்த ஐப்பசியில் பக்கத்துத் துணிக்கடை மின்சார ஒழுக்கில் எரிந்துபோனது. அதற்குப் பிறகு பரமலிங்கத்துக்கு நித்திரை இல்லை. இன்சூரன்ஸ் முகவர் விஜிதரனைக் கூப்பிட்டு அனுப்பினார். விஜிதரன் ஊர்ப்பெடியன், வேலையில் நாணயம் உள்ளவன், ஒரு பையும் ஒரு குடையுமாக வந்து கதிரையில் இருந்தான்.

"அண்ணை, நெருப்புக் காப்பு எல்லாருக்கும் வேணும். அதுக்கு மேல வெள்ளம், களவு, கலவரம் எண்டு ஒவ்வொண்டாச் சேக்கலாம். உங்கட கடைக்கு எது வேணுமெண்டு நாங்கள் இருந்து பாப்பம்" என்றான்.

உண்மையில் நன்றாகத்தான் பார்த்தார்கள். குளக்கட்டு தூரம் என்பதால் வெள்ளம் வேண்டாம் என்றார். களவு வேண்டும் என்றார். கலவரத்துக்கு முகவர் கேட்பதற்கு முன்பே தலையாட்டினார். சரக்கின் பெறுமதியைக் கூட்டிப் போடவா, குறைத்துப் போடவா என்று கேட்டு, விஜிதரன் "உள்ளதைப் போடுங்கோ அண்ணை, குறைச்சுப் போட்டா குறைச்சுத்தான் கிடைக்கும்" என்றதும் உள்ளதையே போட்டார். இதுவரை ஒரு கெட்டிக்காரக் கடைக்காரர்தான்.

"கண்ணாடி உடைஞ்சா?" என்று கேட்டார்.

"அதுக்குத் தனியாக் காப்பு இருக்கு. ஆனா கட்டுப்பணம் கொஞ்சம் கூட. வேலையாள் விபத்துக் காப்புக்கு அதைவிடக் குறைவு. மூட்டை தூக்கிற ஆள் இருக்கிற கடையெண்டபடியால் நான் சொல்லுவன், முதல் அதை எடுங்கோ. கண்ணாடியைப் பிறகு பாப்பம்."

பரமலிங்கம் அலுமாரியைப் பார்த்தார். பின்னறையில் சீனி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த மூக்கனைப் பார்த்தார். மறுபடி அலுமாரியைப் பார்த்தார். நெடுநேரம் யோசித்ததாகச் சொல்லமுடியாது.

"கண்ணாடியைப் போடும் தம்பி. வேலையாள் எண்டு இஞ்ச ஒருத்தரும் இல்லை."

"அப்ப மூக்கண்ணை?"

"அவன் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. வீட்டுப் பிள்ளைக்கு ஆரும் இன்சூரன்ஸ் எடுப்பினமே?"

வீட்டுப் பிள்ளை! இந்தப் பிள்ளை அந்த வீட்டுக் குசினிக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கடைக்குப் பின்னால் பூவரசு மரத்தடியில் குந்தியிருந்துதான் சாப்பிடும். அதற்குத் தேத்தண்ணி குடிக்க ஒரு தனித் தகரப் பேணி, அதைக் கழுவிக் கொழுவுவதற்கு ஒரு தனி ஆணி. கூலி கூட்டிக் கேட்டால் அவன் வேலையாள், காப்புறுதி என்று வந்தால் வீட்டுப் பிள்ளை. நம்மவர்களில் எத்தனை பேரின் வாயில் இந்தப் பாசம் சரியாகச் செலவு வருகிற நேரத்தில் மட்டும் ஊறுகிறது என்று நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

படிவத்தில் 'வேலையாட்கள்' என்ற இடத்தில் பரமலிங்கம் தன் கையாலேயே 'இல்லை' என்று எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. இராணுவம் பாதையைப் பூட்டப்போகிறது என்று ஒரு கதை அடிபட்டதால், விலை ஏறும் என்ற ஆசையில் பரமலிங்கம் இன்னும் முப்பது மூட்டை சீனி இறக்கினார். பின்னறையில் இடமில்லை. அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரோடும் பன்னிரண்டு மூட்டை உயரத்துக்கு அடுக்கச் சொன்னார். மூக்கன் மறுபடியும் பலகை கேட்டான். பரமலிங்கம் மறுபடியும் யோசிக்கிற ஆள் யார் என்று நினைவூட்டினார்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அடிமூட்டை கரைந்தது. சாக்கின் அடியால் பாகு வடிந்து கண்ணாடி அலுமாரிப் பக்கம் போவதைப் பரமலிங்கம் கண்டார். "மூக்கன், உந்தப் பாகைத் துடை! அலுமாரிக்குக் கீழ போகுது" என்று கத்தினார். மூக்கன் சாக்குத்துண்டோடு குனிந்தான். அடுக்கு சரிந்தது. ஐந்து மூட்டை மூக்கனின் வலது காலில் விழுந்தது, இரண்டு மூட்டை அலுமாரியில் விழுந்தது.

வீதியில் நின்றவர்கள் ஓடிவந்து மூட்டைகளைப் புரட்டி அவனை இழுத்தெடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் இருந்த விதத்தைப் பார்த்து ஒருவர் வாந்தி எடுத்தார். மூக்கனை ஓட்டோவில் ஏற்றினார்கள். கூடப் போக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அப்போது கடை முதலாளி என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு உடைந்த அலுமாரிக்கு முன்னால் நின்றார்.

"ஒருத்தரும் கண்ணாடியை மிதிக்காதேங்கோ! கூட்டாதேங்கோ! இன்சூரன்ஸ் ஆக்கள் வந்து பாக்கும்வரை அப்பிடியே கிடக்கட்டும்!"

விமலேஸ்வரி வீட்டிலிருந்து ஓடிவந்தது அந்த நேரத்தில்தான். அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள், செருப்பில்லாத காலோடு ஓட்டோவில் ஏறி மூக்கனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருபது வருடமாக அவனுக்குத் தனிப் பேணியில் தேத்தண்ணி ஊற்றியவளும் அவள்தான். அதை மறைத்து அவளை நல்லவளாக்க நான் வரவில்லை.

கால் தப்பியது. ஆனால் இனி அந்தக் காலில் பாரம் நிற்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மூட்டை சுமந்து பிழைத்தவனுக்கு வேறு என்ன சொல்ல வேண்டும்? அழகம்மா பகலில் வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கினாள், பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பாஸ் முடிகிற திகதியும் நெருங்கியது. வேலையாள் என்று கடிதம் இல்லாவிட்டால் அவர்கள் அகதி முகாமுக்குப் போக வேண்டும்.

காப்புறுதி அதிகாரி வந்தார். படம் பிடித்தார், அளந்தார், எழுதினார். ஓதத்தில் கரைந்த சீனிக்கு ஈடு கிடையாது, அது கடைக்காரரின் கவனக்குறைவு என்றார். கண்ணாடிக்குத் தனிக் காப்பு இருந்தபடியால் அதற்கு முழுத் தொகையும் உண்டு என்றார். மூன்றாம் கிழமை விஜிதரன் காசோலையோடு வந்தான். பரமலிங்கம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அழகம்மா வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, அவருக்கு ஏதாச்சும் உண்டுங்களா? அந்தக் காகிதத்துல அவரு பேரு இருக்குங்களா?"

"உனக்கு ஆர் உதெல்லாம் சொன்னது? விதி, நான் என்ன செய்ய? இந்தா, அஞ்சு கிலோ அரிசி கொண்டு போ. சீனியும் தரலாம்." கரைந்து கட்டிபட்ட சீனியைத்தான் அவர் அள்ளினார்.

அழகம்மா பையை நீட்டவில்லை. சேலைத்தலைப்பில் முடிந்திருந்த பாஸ் கடிதத்தை அவிழ்த்து விஜிதரனிடம் கொடுத்தாள். "இதுல என்னமோ எழுதியிருக்குங்களே தம்பி, நீங்களாச்சும் படிச்சுச் சொல்லுங்க."

விஜிதரன் படித்தான். பிறகு பையிலிருந்து காப்புறுதிப் படிவத்தின் பிரதியையும் எடுத்து இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "அண்ணை, பாஸுக்கு நிரந்தர வேலையாள், படிவத்துக்கு ஆளே இல்லை. ரெண்டிலயும் உங்கட கையெழுத்துத்தான். இதை அழகம்மாக்கா தொழில் கந்தோருக்குக் கொண்டுபோனா, காப்பு இல்லாத படியால் முழுதும் நீங்கள்தான் கட்டவேணும். சட்டம் அப்பிடித்தான்."

பரமலிங்கத்தின் முகம் கறுத்தது. பதில் சொல்வதற்குள் வாசலில் லொறி வந்து நின்றது. எழுபது மூட்டை கோதுமை மா. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாரதி இறங்கி, "கெதியா இறக்குங்கோ, தார்ப்பாய் கிழிஞ்சு கிடக்கு" என்று கத்தினான்.

சந்தியில் மூட்டை இறக்கக் காத்திருக்கும் நாட்டாமைகள் என்ற சுமையாட்கள் ஆறு பேர். அவர்களுக்குத் தலைவன் சின்னராசா. பரமலிங்கம் கை காட்டிக் கூப்பிட்டார். சின்னராசா வந்து அழகம்மாவைப் பார்த்தான், புதிதாகச் செய்து சுவரில் சாத்தியிருந்த அலுமாரிச் சட்டத்தைப் பார்த்தான்.

"மூக்கண்ணைக்கு என்ன முடிவு முதலாளி?"

"அது எங்கட வீட்டு விசயம். நீ மூட்டையை இறக்கு. ரெட்டிப்புக் கூலி தாறன்."

"வேண்டாம். எங்களுக்கு ஒண்டு நடந்தாலும் நீங்கள் கையை விரிச்சுக்கொண்டு கண்ணாடிக்குத்தான் காவல் நிப்பியள். உங்கட கண்ணாடியை வந்து இறக்கச் சொல்லுங்கோ."

ஆறு பேரும் வீதிக்கு அந்தப் பக்கம் போய்க் குந்திக்கொண்டார்கள். பரமலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஒரு மூட்டையை முதுகில் ஏற்றப் பார்த்தார். மூன்று அடி நடந்தார். நாலாவது அடியில் மூட்டையும் அவரும் கடைப்படியில் உட்கார்ந்தார்கள். சிரிப்பதற்கு வீதியில் ஆட்கள் நிறைய இருந்தார்கள்.

சத்தம் கேட்டுக் கடைக்கு வந்திருந்த விமலேஸ்வரி மேசையில் கிடந்த பேனையையும் காசோலையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "இஞ்சருங்கோ. இதுக்குப் பின்னால கையெழுத்தை வையுங்கோ. காசு அழகம்மாவுக்கு. மூக்கன் எழும்பி வரும்வரை மாசச் சம்பளம் வீட்டுக்குப் போகும். வந்த பிறகு தராசடியில கதிரை போட்டு இருக்கட்டும், பாரம் தூக்கத் தேவையில்லை. பாஸ் கடிதமும் இப்பவே எழுதுங்கோ."

"உமக்கென்ன விசரே? என்ர அலுமாரி?"

மனம் உருகி, கண்ணீர் மல்கிக் கையெழுத்து வைத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பெரிய பெரிய துளியாக மழை விழுந்தது. முதல் வரிசை மா மூட்டைகள் நனைவதைக் கண்டார், அதனால் வைத்தார். அப்படிப்பட்டவர்களிடம் நியாயம் மழையில் நனைந்துகொண்டுதான் வர வேண்டியிருக்கிறது.

விமலேஸ்வரி காசோலையை அழகம்மாவின் கையில் வைத்து அந்தக் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டாள். "காலுக்கு இது ஈடில்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். அழகம்மா, "தெரிஞ்சாச் சரிங்கம்மா" என்றாள். நன்றி சொல்லவில்லை. சின்னராசாவின் ஆட்கள் எழுந்து லொறிக்கு வந்தார்கள்.

விஜிதரன் புதிய படிவம் ஒன்றை விரித்து, "அப்ப அடுத்த வருசத்துக்கு எதை முதல் எழுத அண்ணை?" என்று கேட்டான். பரமலிங்கம் வாயைத் திறந்தார். விமலேஸ்வரி அவரை முந்திக்கொண்டாள்.

"ஆளை எழுதும் தம்பி, முதல் ஆளை எழுதும். சீனி கரைஞ்சா வாங்கலாம், கண்ணாடி உடைஞ்சா மாத்தலாம். எங்களுக்காகப் பாரம் சுமக்கிற மனிசனைக் கணக்கில எடுக்காமல் கடைக்குக் காப்பு எடுக்கிறவன் கடைக்காரனுமில்லை, மனிசனுமில்லை. இதை இவர் விளங்கினாலென்ன விளங்காட்டியென்ன, எழுதும்."