பத்துக்கு இரண்டு

இசைத்தட்டில் முதலில் சாக்ஸபோன் வந்தது, பிறகு வயலின். மூன்றாவதாகப் பாட்டு தொடங்கியதும் எல்டன் ப்ரூவிட் கதவைத் திரும்பிப் பார்த்தான். பாடியது அவனேதான்.

லேபிளில் ரே ஹாலிஸ் என்று போட்டிருந்தது. போன மாதம் எதிர்க் கம்பெனிக்குள் பின்வாசல் வழியாக நுழைந்து, பாடிவிட்டு ஓடிவந்தபோது வைத்துக்கொண்ட பெயர். நியூயார்க்கில் நடன இசைத்தட்டுக்குப் பாடுகிறவர்களில் நாலு பெயர் இல்லாதவன் யார்? ஆனால் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்தக் கம்பெனியைத் தவிர வேறெங்கும் பாடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் எல்டன். குட்டு வெளிப்பட்டால் வழக்கு வரும். அப்புறம் ஊரில் எவனும் அவனை மைக் பக்கம் சேர்க்கமாட்டான்.

புதன்கிழமைதோறும் போட்டிக் கம்பெனித் தட்டுகளைக் கேட்டு, பாடகர்களுக்கு மதிப்பெண் போடுவது ஒலிப்பதிவு மேலாளர் கெஸிங்கரின் வழக்கம். இன்றுதான் முதல்முறையாக எல்டனைக் கூப்பிட்டிருந்தார்.

"நல்லா கேளு. மத்தவங்க மார்க் போட்டாச்சு. நீ பாடறவன், உன் காது வேற."

அந்த நேரம் பார்த்துத் தட்டிலிருந்து மெல்லிய விசில் ஒன்று கிளம்பியது. எல்டனின் முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. இங்கே பாடும்போதெல்லாம் எஞ்சினியர் வீட்டோ மெழுகு உருட்டிக் கொடுப்பான்; அதை வைத்து அடைத்துக்கொள்வான். அங்கே போன அவசரத்தில், புத்திசாலி, மறந்துவிட்டான்.

"இந்த விசிலை எங்கேயோ கேட்டிருக்கேனே. வீட்டோ, உனக்குத் தெரியுதா?"

கிராமபோன் பக்கத்தில் நின்ற வீட்டோ, எல்டனின் பற்களையே பார்த்தான்.

"தட்டுல தூசி, சார்."

எல்டனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"குரலா சார் இது? மூக்கால பாடறான். கல்யாணத்துல குடிச்சிட்டுப் பாடற சித்தப்பா மாதிரி இருக்கு. மூச்சு பாதியில அறுந்துபோகுது. தினம் நாலு பாட்டுன்னா செத்துடுவான். பத்துக்கு ரெண்டு."

கெஸிங்கர் எழுதிக்கொண்டார்.

"மத்த அஞ்சு பேரும் ஒன்பது போட்டிருக்காங்க. 'இவன் ஊருக்குப் பாடலை, பக்கத்துல உக்காந்து ஒருத்திகிட்ட பேசறான்'னார் பேண்ட் மாஸ்டர். எனக்கும் அப்படித்தான் பட்டுது. நீயும் இருக்கியே, மூணு வருஷமா கடைசி வரிசைக்கும் கேக்கற மாதிரி கத்தறே. வெள்ளிக்கிழமையோட உன் ஒப்பந்தம் முடியுது, எல்டன். உன் இடத்துக்குத்தான் இவனைப் பாத்தேன்."

"அப்போ... இவனை எடுக்கறீங்களா?"

"மூச்சு தாங்காதுன்னு தொழில் தெரிஞ்ச நீயே சொல்லிட்டியே. சிகாகோவுல வேற ஒருத்தன் இருக்கான்."

அவர் வெளியே போக, கதவு சாத்திக்கொண்டது. நான்தான் அவன் என்று பின்னாலேயே ஓடிச் சொல்லலாம்; சொன்னால் நேராக வக்கீல் நோட்டீஸ். எல்டன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்த மூன்று வருடத்தில் ஒருவரும் அவன் பாட்டைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று சொன்னார்கள், அதுவும் ரே ஹாலிஸுக்கு.

"இன்னொரு தடவை போடு, வீட்டோ."

வீட்டோ ஊசியை வைத்தான். சாக்ஸபோன், வயலின், பிறகு அந்தக் குரல். அதட்டாமல், அவசரப்படாமல், விசிலோடு. எல்டன் இந்த முறை குறை தேடவில்லை.

பாட்டு முடிந்தது.

"இப்ப எத்தனைடா போடுவே?" என்றான் வீட்டோ.

எல்டன் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.