குளிர்சாதனப் பழுது

போர் வந்தால் ராணுவம் என்ன செய்யும் என்று எழுதுகிறவர்கள் வேறு கட்டடத்தில் இருந்தார்கள். அந்தச் சமயத்தில் ஜனங்கள் என்ன செய்ய வேண்டும், முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்று எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. மருத்துவமனை, குடிநீர், மின்சாரம், சாலை என்று தலைப்பு வாரியாக மேசைகள். போரில் எது எவ்வளவு நாள் தாங்க வேண்டும் என்று கூட்டணி நாடுகளின் தலைமையகம் ஒரு வரையறை அனுப்பும். எங்கள் ஊர்கள் அதற்குத் தாக்குப்பிடிக்குமா என்று நாங்கள் பதில் எழுத வேண்டும்.

எனக்கு இதில் தனியாக ஒரு பொறுப்பு இருந்தது. முன்னேற்பாடு ஒவ்வொன்றுக்கும் ஜனங்களிடம் சொல்ல ஒரு சாதாரணக் காரணம் தேவை. சரக்கு ரயில்களை ராணுவத்துக்கு ஒதுக்கினால், தண்டவாளப் பராமரிப்பு. காயம்பட்டு வரப்போகிறவர்களுக்காகக் கட்டில்களைக் காலி செய்ய, அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தால், அறுவை அரங்கில் குளிர்சாதனப் பழுது. பொய்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் ஊர் மொத்தமும் சாலையில் வந்து நிற்கும், அந்தச் சாலையில்தான் ராணுவ வண்டிகள் போயாக வேண்டும் என்பது எங்களுக்குப் பாலபாடம். சாலை மேசையில் இருந்த மீசைக்காரர் என் மேசைக்குச் 'சாக்கு மூட்டை' என்று பெயர் வைத்திருந்தார்.

"என்னம்மா, மூட்டையில இன்னைக்குப் புதுச் சரக்கு ஏதாச்சும் வந்திருக்கா?"

"இருக்கு சார். நீங்க தினமும் லேட்டா வர்றதுக்கு ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன்."

இப்படிச் சிரித்துக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தோம்.

எங்கள் நகரம் ஆற்றுக்கு மேற்கே. என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எல்லையை ஒட்டி. நடுவில் பாலம் ஒன்றுதான். நிலைமை முற்றினால் அந்தப் பாலம் கிழக்கே போகும் ராணுவத்துக்கு மட்டும், அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று திட்டம் சொன்னது. அதை எழுதிய மேசைகளில் என்னுடையதும் ஒன்று. திட்டத்தில் ஊர்களுக்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. அக்காவின் ஊர் எந்த எண் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வரியைக்கூட மாற்றி எழுதியதில்லை. போர் வராது என்கிற நம்பிக்கையில் எழுதுகிற எழுத்து அது.

கைப்பேசிகளை வாசலில் உள்ள பெட்டிகளில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று மத்தியானம் வெளியே வந்து எடுத்துப் பார்த்தபோது அக்கா பலமுறை கூப்பிட்டிருந்தாள். நடைபாதையில் நின்றபடியே பேசினேன்.

"வந்துட்டீங்களா ஆபீசரம்மா? செத்துப்போனாக்கூட உனக்குச் சாயந்திரம்தான்டி தெரியும்."

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆகும், என் பித்தப்பைக் கல்லு இன்னும் என் வயித்துலயேதான் இருக்கு. பட்டினி கிடந்து, துணிமணி எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனா, வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. ஏசி ரிப்பேராம்."

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எங்க ஏசி?"

"ஆபரேஷன் தியேட்டர்லதான். பின்ன என்ன, என் வீட்டுலயா? மெசேஜும் அனுப்பியிருக்காங்க."

"என்ன போட்டிருக்கு? அப்படியே படி."

"அறுவை அரங்கில் ஏற்பட்ட குளிர்சாதனப் பழுதால் உங்கள் சிகிச்சை தள்ளி வைக்கப்படுகிறது. உங்கள் முறை அப்படியே இருக்கும், கவலை வேண்டாம்." படித்துவிட்டு அக்கா மூச்சு வாங்கினாள். "அந்தக் கடைசி வரி மட்டும் இல்லைன்னா அங்கயே சண்டை போட்டிருப்பேன். யாரோ மனசுள்ளவங்க எழுதியிருக்காங்க போல."

அதை எழுதிய நான் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பிரிவுத் தலைவர் என்னைக் கூட்டத்தில் பாராட்டினார்.

திட்டம் எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பதை எழுதுகிறவர்களுக்குச் சொல்வதில்லை. மேலே முடிவு செய்வார்கள், உத்தரவு உறை அந்தந்த இடத்துக்கு நேரே போய்விடும். ஆரம்பமாகிவிட்டது என்று எனக்குத் தெரிவித்தது என் அக்காவின் பித்தப்பை.

பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனேன். எதைச் சொன்னாலும் "அவ்வளவுதான்" என்று முடிப்பதால் அவருக்கு அலுவலகத்தில் முற்றுப்புள்ளி என்று பெயர். கையில் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தேன், ஆனால் திறக்கவில்லை.

"சார், கிழக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில..."

அவர் பேனாவை மூடினார். "நீங்க எழுதினது நல்லா வேலை செய்யுதுன்னு கேள்விப்பட்டேன். ஒரு சலசலப்பும் இல்லையாம். அவ்வளவுதான்."

"எங்க அக்கா அங்க இருக்காங்க சார்."

"என் மாமியார் வீடும் அங்கதான் இருக்கு." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் அவங்களுக்கு ஃபோன் பண்ணலை. நீங்களும் பண்ணப்போறதில்லை."

அவர் சொன்னதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். போன வருட ஒத்திகையில் பாலம் அடைத்துக்கொண்டது எதிரியால் அல்ல. இந்த மாதிரி அலுவலகங்களில் இருப்பவர்கள் தங்கள் வீட்டாரை மட்டும் ரகசியமாகக் கிளப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு வீடு கிளம்பினால் தெரு கேட்கும், தெரு கிளம்பினால் ஊர். அதற்குப் பிறகுதான் தலைமையகத்திலிருந்து வந்த தொடர்பு அதிகாரி ஒரு விதியைச் சேர்த்தார். மேற்கு நோக்கி வரும் வண்டிகள் வழக்கத்துக்கு மேல் பெருகினால், யாரையும் கேட்காமல் ஜனங்களுக்குப் பாலம் உடனே மூடப்படும். அந்த அம்மாள் வெளிநாட்டுக்காரர். நம் மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர், அச்சுப் போலப் பேசுவார்.

ஆகவே அக்காவிடம் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் அவள் தெருவுக்கே சொல்வாள். அவள் சுபாவம் அப்படி, நல்லது கெட்டது எதையும் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாது. வேறு காரணம் வேண்டும். ஊருக்கே காரணம் எழுதிக் கொடுத்தவளுக்குச் சொந்த அக்காவுக்கு ஒன்று எழுத வராதா? பஸ்ஸில் வீடு திரும்புவதற்குள் தயாராகிவிட்டது.

"அக்கா, இங்க பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர்கிட்டப் பேசிட்டேன். இடம் இருக்காம். உடனே வந்தா முடிச்சிடலாம்னு சொல்றார்."

"நிஜமாவாடி? காசு நிறைய கேப்பாங்களே?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். நாளைக்கே கிளம்பு. அத்தானையும் கூட்டிக்கிட்டு வா."

"அவரு எங்க வர்றது? பம்ப் ஹவுஸை யாரு பார்க்கறது? அவரு வந்துட்டா ஊருக்கு உங்க மந்திரி வந்தா தண்ணி விடுவாரு?"

"ரெண்டு நாள் லீவு போடச் சொல்லுக்கா."

"கேட்டாரே. நேத்துதான் எல்லா லீவையும் ரத்து பண்ணிட்டாங்களாம், ஏதோ குழாய் சுத்தம் பண்றாங்களாம்."

குழாய் சுத்திகரிப்பு. அதுவும் என் மூட்டையில் இருந்ததுதான். குடிநீர் மேசைக்காக எழுதிக் கொடுத்தது.

"சரி, நீ முதல்ல வா," என்றேன். முதலில் அக்காவைக் கொண்டுவந்துவிடலாம், அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், நிலைமை மோசம் என்று சொன்னால் அத்தான் எப்படியும் ஓடி வருவார் என்று அடுத்த பொய்யையும் யோசித்து வைத்திருந்தேன்.

மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் நிலையத்தில் நின்றேன். வெளியூர் பஸ்கள் வரும் இடத்தில் தரை கழுவி ஈரமாக இருந்தது. கிழக்கிலிருந்து வந்த பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். அக்கா பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இறங்கிய கையோடு திரும்பி ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அவருக்குப் பின்னால் மூட்டு வீங்கிய ஒரு பெண், ஒரு கண்ணில் கட்டுப் போட்ட ஒருவர், பிள்ளையை இடுப்பில் வைத்த ஒருத்தி.

"இவங்கதான் என் தங்கச்சி," என்றாள் அக்கா அவர்களிடம், பெருமையாக.

"இவங்கெல்லாம் யாருக்கா?"

"என்னோட சேர்த்துத் திருப்பி அனுப்பினவங்கதான். இவருக்குக் குடலிறக்கம், இந்தம்மாவுக்கு முட்டி. எல்லாருக்கும் அதே மெசேஜ் வந்திருக்கு பாவம். இங்க இடம் இருக்குன்னு நீ சொன்னப்புறம் நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? வார்டு குரூப்புல போட்டுவிட்டேன்."

"எந்த குரூப்?"

"நோயாளிங்க குரூப்புடி. அவங்க அவங்க சொந்தக்காரங்களுக்கும் அனுப்பிட்டாங்க. பின்னாடி வர்ற பஸ்ஸெல்லாம் நம்ம ஆளுங்கதான். கார் வெச்சிருக்கறவங்க கார்லயே கிளம்பிட்டாங்க."

அக்கா சிரித்தாள். நான் அந்த ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜனங்களை இருந்த இடத்தில் இருக்கவைக்கும் காரணங்களைத்தான் இத்தனை காலம் எழுதியிருக்கிறேன். கிளம்பவைக்கும் காரணம் ஒன்று சொன்னால் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அதே மெசேஜை வாங்கிய எல்லோருக்கும் என் பொய் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது.

கிழவர் என்னிடம் கேட்டார். "எந்தப் பக்கம்மா ஆஸ்பத்திரி?"

பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. அலுவலகம். உடனே வரச் சொன்னார்கள். அக்காவின் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

கூட்ட அறையில் திரை போட்டிருந்தார்கள். பாலத்தில் மேற்கே வரும் வண்டிகளின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு காலையிலிருந்து சுவர்போல் நிமிர்ந்து நின்றது. மீசைக்காரர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அன்றைக்குக் கேலி எதுவும் இல்லை.

"பாலத்தை மூடியாகிவிட்டது," என்றார் தொடர்பு அதிகாரி அம்மாள், அதே அச்சு மொழியில். "காரணம் ஒரு வதந்தி. மேற்கே மருத்துவமனையில் இடம் இருக்கிறது என்ற செய்தி. நோயாளிகளை மட்டும் குறிவைத்துப் பரப்பப்பட்டிருக்கிறது. சிறியது, இனிமையானது, நம்பத்தக்கது. அறுவை சிகிச்சைகள் ஏன் தள்ளிவைக்கப்பட்டன என்று அறிந்தவர்களே இதைச் செய்திருக்க முடியும். நம் திட்டம் எதிர்த் தரப்புக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் தொடங்கிவிட்டார்கள் என்று தலைமையகம் கருதுகிறது. அடுத்த கட்டத்துக்குச் செல்கிறோம்."

தலைவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த கட்டம் என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் ஊருக்கு மேலே போர் விமானங்கள் பறக்கும்.

"அது எதிர்த் தரப்பு இல்லை," என்றேன். "நான்."

தலைவரின் பேனா நின்றது.

"மீண்டும் கூறுங்கள்," என்றார் அந்த அம்மாள்.

"எங்க அக்காவை இந்தப் பக்கம் வரவழைக்க நான் சொன்ன பொய் அது. ஃபோன்ல சொன்னேன். அவங்க நல்ல மனசோட நாலு பேருக்குச் சொல்லிட்டாங்க. இதுல எதிரியும் இல்லை, சதியும் இல்லை."

"அடிப்பாவி," என்றார் மீசைக்காரர், மெதுவாக. திட்டுவதுபோல் இல்லை.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. எழுந்து பக்கத்து அறைக்குப் போய்த் தன் மொழியில் தொலைபேசியில் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"தெரிவித்துவிட்டேன். நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் பாலத்தைத் திறக்க இயலாது. திறந்தால் மேலும் பலர் வருவார்கள். தவிர, நாம் பாலத்தை மூடியதை எதிர்த் தரப்பு பார்த்துவிட்டது. ஏன் மூடினோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களும் தங்கள் பக்கப் பாலங்களை மூடிக்கொண்டிருக்கிறார்கள்."

"அவங்க மூடினதைப் பார்த்து நாம என்ன செய்வோம்?" என்று கேட்டார் மீசைக்காரர்.

அந்த அம்மாள் திரையை அணைத்தார். என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை இருக்கும், வீட்டைவிட்டு எங்கும் போகக் கூடாது என்றார்கள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தபோது தலைவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"வந்த பஸ்ல ஒரு வயசான அம்மா இருந்தாங்களா? கொஞ்சம் கூன் விழுந்து, கண்ணாடி போட்டுக்கிட்டு?"

"கவனிக்கலை சார்," என்றேன். தலையாட்டினார்.

வீட்டுக்குப் போனபோது வெயில் இறங்கியிருந்தது. கூடத்தில் கிழவரும் முட்டி வீங்கிய பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். போக இடமில்லை, அக்கா கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தொலைக்காட்சியில் பாலம் மூடப்பட்ட செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இணைப்புத் தட்டுகளில் விரிசல் சோதனையாம். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஆஸ்பத்திரியில விசாரிச்சேன். எனக்கு இடமே போடலையாம். அப்படி ஒரு டாக்டரே இல்லையாம். எதுக்குடி என்னை வரவெச்சே?"

சொன்னேன். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை, ஒன்றையும் மாற்றாமல் சொன்னேன். குளிர்சாதனப் பழுது, குழாய் சுத்திகரிப்பு, பாலம், கோடு, அடுத்த கட்டம் எல்லாவற்றையும். அக்கா அடுப்பு மேடையில் கை ஊன்றி நின்றிருந்தாள். கை வயிற்றுக்குப் போனது, வலி வந்திருக்க வேண்டும்.

"ஏண்டி, நேத்து ஃபோன்ல நீ இதைச் சொல்லியிருந்தா நான் அவரை விட்டுட்டு வந்திருப்பேனா?"

"வந்திருக்க மாட்டேக்கா."

"அதனாலதான் சொல்லலையா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் கைப்பேசியை எடுத்து அத்தானைக் கூப்பிட்டு, மணி போகும்போதே என் கையில் திணித்தாள்.

"நீயே சொல்லு. என்னை எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன்னு அவருகிட்ட நீயே சொல்லு."

அத்தான் எடுத்தார். பின்னால் பம்புகளின் இரைச்சல். எப்போதும்போல் கத்திப் பேசினார்.

"யாரு, சின்னவளா? அக்கா நல்லா வந்து சேர்ந்தாளா? ஆபரேஷன் எப்ப வெச்சிருக்காங்க?"

"அத்தான், ஆபரேஷன் இல்லை. நீங்க எப்படியாவது..."

"சத்தமாச் சொல்லும்மா, கேக்கலை. இங்க வாசல்ல ஒரே வண்டிச் சத்தம். லாரி லாரியா வந்துக்கிட்டே இருக்கு, மேல துணி போட்டு மூடியிருக்கு. பம்ப் ஹவுஸ் கேட்ல ரெண்டு சிப்பாய் நிக்கிறான். டீ குடிக்கப் போகணும்னா அவன்கிட்டக் கேட்டுக்கிட்டுப் போகணுமாம், எப்படி இருக்கு பாரு." சிரித்தார். "எதிர்ப்பக்கம் போற வண்டிதான் ஒண்ணையும் காணோம். சரி, நீ என்ன சொல்ல வந்தே?"

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் தொலைக்காட்சி சட்டென்று ஊமையானது. இரைச்சலுக்கு மேலே, கைப்பேசிக்குள் வெகு தூரத்தில், வானத்திலிருந்து வேறு ஒரு சத்தம் ஆரம்பித்திருந்தது. அத்தான் அதை இன்னும் கவனிக்கவில்லை.

"வீட்டுக்குப் போகாதீங்க அத்தான்," என்றேன். "பம்ப் ஹவுஸுக்குக் கீழ தொட்டி அறை இருக்குல்ல, அங்க இறங்குங்க. அந்தச் சிப்பாய்களையும் கூட்டிக்கிட்டு இறங்குங்க. எதுக்குன்னு கேக்காதீங்க. இப்பவே."