மூன்றாம் மாடி சோபா

பீங்கான் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த ஒரு சிவப்பு ஸ்டிக்கரால் பெரியவளின் மானம் போனது. அதை அவள் மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை.

பெரியவள் என்றால் அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள். அவளுடைய ஓரகத்தியை, அதாவது கொழுந்தன் மனைவியை, எல்லாரும் சின்னவள் என்பார்கள். சின்னவளின் கல்யாண நாளுக்குப் பெரியவள் ஒரு டின்னர் செட் கொடுத்தாள். வெள்ளைப் பீங்கானில் நீலக் கோடு போட்ட நல்ல சரக்கு. சீசன் முடிகிற வாரத்தில், முகப்பெல்லாம் கண்ணாடியாக இருப்பதால் எல்லாரும் கண்ணாடிக் கடை என்று சொல்லும் பெரிய கடையில், நாலு பேரை முழங்கையால் இடித்து எடுத்தது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு தட்டாகக் கவிழ்த்து, ஸ்டிக்கரில் எண்ணெய் தடவி ஊறவைத்து, நகத்தால் சுரண்டினாள். மூடிபோட்ட பெரிய கிண்ணத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

சின்னவள் அந்தக் கிண்ணத்தைத்தான் கவிழ்த்துப் பார்த்தாள். அதுவும் கூடம் நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது.

"எழுபது சதவீதம் தள்ளுபடி," என்று உரக்கப் படித்தாள். "பரவாயில்லைக்கா. மிச்சம் முப்பது சதவீதமாவது எங்க மேல பாசம் இருக்கே!"

நாத்தனார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது. பெரியவளின் புருஷன்கூடச் சிரித்துவிட்டான். அதற்கு வீட்டில் அவன் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து குடும்பத்தில் அவளுக்கு 'முப்பது' என்று பெயர். விசேஷங்களுக்குப் போனால் நாத்தனார் வாசலிலேயே, "முப்பது வந்தாச்சு!" என்பாள். பெரியவள் சிரித்தபடியே செருப்பைக் கழற்றுவாள். இதே மாதிரி, இதே ஆட்கள் முன்னால், சின்னவளின் மூக்கை உடைக்காமல் ஓய்வதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

சேல் பார்த்து வாங்குகிறவர்களைக் கஞ்சர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். முழு விலை கொடுக்க என்ன தெரிய வேண்டும்? பர்ஸைத் திறக்கத் தெரிந்தால் போதும். சேலில் வாங்க ஊரே தெரிந்திருக்க வேண்டும். ஸ்டேஷன் எதிரே இருக்கும் பழைய கடையில் துண்டும் போர்வையும் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில்தான் மலிவு. அப்போது ஜனம் சீருடை வாங்க ஓடும், போர்வைப் பக்கம் ஆள் இருக்காது. கண்ணாடிக் கடை பெரிய திருட்டுக் கடை. ஒரு மாதம் முன்னால் சத்தமில்லாமல் விலையை ஏற்றிவிட்டு, பிறகு குறைத்ததாகப் போர்டு வைக்கும். அங்கே கடைசி வாரம் தவிர மற்ற நாளில் காலே வைக்கக்கூடாது. நாலு மாடிக் கடை யோக்கியமானது. போர்டெல்லாம் வைக்காது. ஆனால் புது மேஜை நாற்காலி லாரி வருவதற்கு முந்தின வாரம், பார்வைக்கு வைத்திருந்ததையெல்லாம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும். லாரி என்றைக்கு வரும் என்பது கடை முதலாளிக்கும் பெரியவளுக்கும்தான் தெரியும்.

இந்தப் படையெடுப்புக்கெல்லாம் அவளுக்குத் துணை மாமனார். ஒன்பது வருஷமாக அவர் அவளோடுதான் இருக்கிறார். சின்னவள் ஒரு வாரம்கூட அவரை வைத்துக்கொண்டதில்லை. கேட்டால், "எங்க வீட்ல அவர் வசதியா உட்கார ஒரு இடம் இல்லைக்கா," என்பாள். சரி, போ என்று பெரியவளும் விட்டுவிட்டாள். மாமனாருக்கும் கடை என்றால் உற்சாகம். நாலு மாடிக் கடைக்குப் போனால் மூன்றாம் மாடியில், லிஃப்ட் பக்கத்தில் போட்டிருந்த பெரிய நீல சோபாவில் போய் உட்கார்ந்துவிடுவார். அவள் நாலு மாடியும் சுற்றிவிட்டு வரும்வரை அங்கேயே ஒரு தூக்கம். மீசைக்கார சேல்ஸ்மேன் அவரை எழுப்பமாட்டார்.

"அவர் தூங்கறதைப் பார்த்தா வாங்க வர்றவங்களுக்கும் உட்கார்ந்து பார்க்கணும்னு தோணுது," என்பார்.

ஆனாலும் அந்த சோபாவை யாரும் வாங்கவில்லை. அவ்வளவு விலை. இரண்டு வருஷம் அது மாமனாருக்கே சொந்தம் மாதிரி ஆகிவிட்டது. அதன் கைப்பிடியில் வரிசையாகப் பித்தளை ஆணி அடித்திருக்கும். கை சும்மா இருக்காத மனுஷன், நோண்டி நோண்டி ஒரு ஆணியைப் பிடுங்கியே விட்டார். திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டார். பெரியவள் அன்றைக்கு அவரைத் திட்டியதில் லிஃப்ட்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒரு நாள் சின்னவளிடமிருந்து போன் வந்தது. அவர்கள் புது வீடு கட்டியிருந்தார்கள். குரல் குழைந்தது.

"அக்கா, வீட்டுக்கே எல்லாப் பணமும் போயிடுச்சு. கூடம் மைதானம் மாதிரி காலியா கெடக்கு. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். நல்லதா ஒரு சோபா, கொறைஞ்ச விலையில… உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது. "தெரியுமே," என்றாள்.

"ஆனா யாருக்கும் தெரியக்கூடாதுக்கா. சேல்ல வாங்கினதுன்னு தெரிஞ்சா நம்ம நாத்தனார் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

"சத்தியமா என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது," என்றாள் பெரியவள். அவள் சத்தியத்தை மீறுகிறவள் அல்ல. மீறத் தேவையும் இல்லை என்பது அதைச் சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

நாலு மாடிக் கடைக்குச் சின்னவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தாள். திருட வந்தவள்கூட இவ்வளவு மிரண்டிருக்கமாட்டாள். நீல சோபாவைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள்.

"அட, இதையா? இது உங்க மா…" என்று ஆரம்பித்த மீசைக்காரரைப் பெரியவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் இருமி, வார்த்தையை விழுங்கினார்.

"கைப்பிடியில ஒரு ஆணி இல்லையே, கவனிச்சீங்களா?" என்றாள் பெரியவள். "அதுக்கும் சேர்த்துக் கொறைங்க."

சோபா லாரி வரப்போகிற சமயம் வேறு. மீசைக்காரர் குறைத்தார். அவள் இன்னும் கேட்டாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு இன்னும் குறைத்தார். கடைசியில் பேசி முடித்த விலையைக் கேட்டுச் சின்னவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"நீங்க தெய்வம்க்கா," என்றாள்.

"ஒரு ஆணிதானே, அதை யார் பார்க்கப் போறாங்க," என்றும் அவளே சொல்லிக்கொண்டாள். பெரியவள் பில் போடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில் கூட்டம் நெரிந்தது. கூடத்தின் நடுவே நீல சோபா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. நாத்தனார் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"கண்ணாடிக் கடையில ஆர்டர் குடுத்துச் செஞ்சது," என்றாள் சின்னவள். "விலையைக் கேட்டா மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க. எனக்கு இந்த சேல், தள்ளுபடியெல்லாம் சரிப்படாது அண்ணி." சொல்லிவிட்டு, கூசாமல் பெரியவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

பெரியவளுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த இரக்கமும் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. வாசலைப் பார்த்தபடி காத்திருந்தாள். மாமனாரிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவருக்குப் பொய் வராது; ரகசியம் காப்பது அதைவிட வராது. கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டீர்களா என்று.

அவர் மெதுவாக உள்ளே வந்தார். சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். முதுகு தானாகச் சாய்ந்தது. விரல்கள் கைப்பிடியின் ஓரமாக ஊர்ந்து போய் ஓர் இடத்தில் நின்றன.

"அட!" என்றார். "இது நம்ம சோபா!"

"என்ன மாமா சொல்றீங்க?" என்றாள் சின்னவள்.

"நாலு மாடிக் கடை சோபாம்மா! லிஃப்ட் பக்கத்துல கெடந்ததே! ரெண்டு வருஷமா நான் தூங்கின சோபா எனக்குத் தெரியாதா?"

"அது மாதிரி எத்தனையோ இருக்கும் மாமா…"

"இரு, இரு." அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதிலிருந்து பித்தளை ஆணியை எடுத்தார். கைப்பிடியில் இருந்த ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த ஆணிகளோடு ஒன்றாகப் பளபளத்தது.

நாத்தனார்தான் ஆரம்பித்தாள். "கடையில பார்வைக்கு வெச்ச பீஸா? ஊர்ல எல்லாரும் உட்கார்ந்து எழுந்ததா? அப்ப நீ எத்தனை சதவீதம்டி?"

சிரிப்பு கூரையை முட்டியது. சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவள் சிரிக்கக்கூட இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் சாய்ந்து நின்று அந்தச் சிரிப்பைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். அவ்வளவு இனிப்பாக இருந்தது. ஒரு வருஷமாகத் தொண்டையில் மாட்டியிருந்த முள் கழன்று விழுந்தது மாதிரி இருந்தது.

ஆனால் சின்னவளும் லேசுப்பட்டவள் இல்லை. சிரிப்பு அடங்கும்வரை தலைகுனிந்து நின்றாள். பிறகு மாமனாரின் காலடியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா கடையில போயா மாமா தூங்கினீங்க?" என்றாள். குரல் தழுதழுத்தது. "ஏன், அங்கே வீட்ல உட்கார ஒரு நல்ல நாற்காலிகூடவா இல்லை?"

கூடத்தில் அத்தனை தலையும் பெரியவள் பக்கம் திரும்பியது. நாத்தனாரின் சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்பா…" என்றாள்.

பெரியவள் வீட்டில் நல்ல நாற்காலி இல்லைதான். பின்னல் கிழிந்த ஒரு பிரம்பு நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டுத்தான் அவர் உட்காருவார். அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலியை அவள் பார்த்துத்தான் வைத்திருந்தாள். அதே மூன்றாம் மாடியில், ஜன்னலோரம். இந்த சீசனில் வாங்கலாம், இல்லை, அடுத்த சீசனில் இன்னும் இறங்கும் என்று தள்ளித் தள்ளி வருஷங்கள் ஓடிவிட்டன. விலை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்குத்தான் போதவில்லை.

"இனிமே நீங்க இங்கேயே இருங்க மாமா," என்றாள் சின்னவள். "இது உங்க சோபா."

"சோபா நல்லாத்தான் இருக்கு," என்றார் மாமனார் சங்கடமாக. அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை.

பெரியவள் வீடு திரும்பினாள். வீட்டில் பிரம்பு நாற்காலியும் அதில் மடித்த துண்டும் அப்படியே கிடந்தன. ஒன்பது வருஷம் சோறு போட்டவள் நான், ஒரே ஒரு கேள்வியில் என்னைக் கொடுமைக்காரி ஆக்கிவிட்டாளே என்று பல்லைக் கடித்தாள். அதைவிட, அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததுதான் அவளைக் கொன்றது.

மறுநாள் கடை திறக்கும்போதே மூன்றாம் மாடியில் நின்றாள். ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலியைக் காட்டினாள்.

மீசைக்காரர் பதறிப்போனார். "அக்கா, இதை நாங்க இன்னும் கொறைக்கலையே! சோபா லாரி வேற, நாற்காலி லாரி லேட்டாகுது. பத்து நாள் பொறுங்க, பாதி விலைக்குத் தர்றேன். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். பில் போடுங்க."

"முழு விலைக்கா?" அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

"முழு விலைக்குத்தான். விலைச் சீட்டைப் பிய்க்காம அனுப்புங்க."

நாற்காலி வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்தது. கைப்பிடியில் விலைச் சீட்டு தொங்கியது. அவள் மாமனாருக்குப் போன் போட்டாள்.

"மாமா, உங்களுக்கு நாற்காலி வாங்கியாச்சு. அந்த ஜன்னலோரத்து நாற்காலி."

"நெசமாவா? எவ்வளவுக்கு முடிச்சே?"

அவள் விலையைச் சொன்னாள். அந்தப் பக்கம் பேச்சு மூச்சு இல்லை. மனுஷனுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டதோ என்று பயந்தே போனாள்.

"நாற்காலி லாரி இன்னும் வரலையேம்மா," என்றார் கடைசியில். "மறந்துட்டியா?"

"மறக்கலை மாமா."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்தில் சின்னவள் இருந்திருக்க வேண்டும்.

"விலைச் சீட்டு இருக்கா?"

"தொங்குது."

"பிய்ச்சுடாதே," என்றார். "சாயங்காலம் வர்றேன். என்னைக் கொண்டுவந்து விடச் சொல்லி அவளையும் கூட்டிட்டு வர்றேன்."